ஜெர்மனியில தனியா கிறிஸ்மஸ்: எதை எப்போ முடிச்சு வைக்கணும், எந்த நேரத்துல கால் வாரும்

நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துக்காரன். 2019 அக்டோபர்ல படிக்கறதுக்காக கெம்னிட்ஸ் வந்தேன், அப்புறம் வேலை கிடைச்சு இங்கேயே தங்கிட்டேன், இதுக்கு நடுவுல ஒரே ஒரு பண்டிகைக்குத்தான் ஊருக்குப் போக முடிஞ்சுது. வருஷா வருஷம் அக்டோபர் செமஸ்டருக்கு நம்ம பசங்க புதுசா வர்றாங்க, டிசம்பர்ல எல்லாரும் ஒரே எடத்துலதான் தடுக்கி விழறாங்க. அவங்க யாரும் அழுமூஞ்சி இல்ல, வரிசை தெரியாம மாட்டிக்கறாங்க. அந்த வரிசையைத்தான் இங்க எழுதறேன்.

கெம்னிட்ஸை வச்சு எழுதறேன், ஜெர்மனியில வேற ஊர்ல இருந்தாலும் முக்கால்வாசி இதேதான்.

1. மொதல்ல காலண்டரும் கடிகாரமும்

நமக்கு பண்டிகைன்னா 25 அதிகாலை. இங்க பண்டிகைன்னா 24 சாயங்காலம். மரத்தடியில பரிசு பிரிக்கறது, குடும்பமா சாப்பிடறது எல்லாமே அன்னிக்கு ராத்திரிதான். புதுசா வர்றவங்க எல்லா பிளானையும் 25க்கு போட்டுட்டு 24 ராத்திரி ரூம்ல தனியா உக்காந்திருப்பாங்க, வெளிய ஒரு ஈ காக்கா இருக்காது.

அடுத்தது கடை. 24 மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடை திறந்திருக்கக் கூடாதுங்கறது சட்டம். 25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை. 2026ல 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு, ஞாயித்துக்கிழமையும் இங்க கடை கிடையாது. அப்போ வியாழன் ரெண்டு மணிக்கு மூடினா திங்கள் காலையில ஏழு மணி வாக்குலதான் திறப்பான். கணக்குப் போட்டா 89 மணி நேரம். உங்க ஃப்ரிட்ஜ் அவ்வளவு நேரம் தாங்குமான்னு இப்பவே பாத்துக்குங்க.

குளிர்காலத்துல நம்ம ஊர் நேரம் இங்கயிருந்து நாலரை மணி நேரம் முன்னாடி ஓடும். இதை ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. ஊர்ல அதிகாலை நாலரை ஆராதனைன்னா இங்க 24 நடுராத்திரி 12. ஊர்ல மத்தியானம் ஒரு மணி சாப்பாடுன்னா இங்க காலை எட்டரை. ஊர்ல ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் படுக்கறப்போ இங்க சாயங்காலம் அஞ்சரைதான் ஆகியிருக்கும், ஆனா வெளிய கும்மிருட்டு, ஏன்னா கெம்னிட்ஸ்ல அந்த சமயத்துல நாலு மணி வாக்குலயே பொழுது சாஞ்சிடும்.

இதுல ரெண்டு ஓட்டை தெரியுதா? ஒண்ணு 24 சாயங்காலம் ஆறுலேருந்து நடுராத்திரி வரைக்கும், ஊர்ல எல்லாரும் தூங்கிக்கிட்டிருப்பாங்க, இங்க எல்லாரும் கதவைச் சாத்திட்டு குடும்பத்தோட இருப்பாங்க. இன்னொண்ணு 25 சாயங்காலம் அஞ்சரைக்கு மேல. கீழ சொல்ற எல்லாமே இந்த ரெண்டு ஓட்டையை அடைக்கறதுக்குத்தான்.

2. அக்டோபர் முடியறதுக்குள்ள: லீவு, டிக்கெட், ஷிஃப்ட்

24ம் 31ம் சட்டப்படி விடுமுறை கிடையாது. பல கம்பெனி அரை நாளோ முழு நாளோ சும்மா விடும், சிலது உங்க லீவுலேருந்து கழிக்கும், கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. குழந்தை குட்டி உள்ளவங்க எல்லாரும் அக்டோபர்லயே லீவு எழுதிக் குடுத்துடுவாங்க, டிசம்பர்ல போய் கேட்டா மீந்து போன நாள்தான் உங்களுக்கு.

வேற ஊர் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறதா இருந்தா ரயில் டிக்கெட்டை சீக்கிரம் எடுங்க, நாள் நெருங்க நெருங்க குறைஞ்ச விலை டிக்கெட்டெல்லாம் தீந்திடும். 23, 24 ரெண்டு நாளும் வண்டி நெரியும், சீட் ரிசர்வேஷனுக்கு தனியா காசு குடுத்துடுங்க, இல்லேன்னா பாத்ரூம் பக்கத்துல பெட்டி மேல உக்காந்து போக வேண்டியதுதான். டாய்ச்லான்ட் டிக்கெட்ங்கற மாசப் பாஸ் இருக்கேன்னு ஐசிஇங்கற வேக வண்டியில ஏறிடாதீங்க, அது ரீஜனல் வண்டிக்கும் ஊருக்குள்ள ஓடற பஸ் டிராமுக்கும் மட்டும்தான். வருஷத்துக்கு ஒருத்தராவது இதுல ஃபைன் கட்டிட்டுத்தான் வர்றாங்க.

பார்ட் டைம் வேலை பாக்கறவங்களுக்கு: 25, 26ல ஷிஃப்ட் எடுத்தா கூடுதல் சம்பளம் வருமாங்கறது உங்க ஒப்பந்தத்தைப் பொறுத்தது, சட்டம் கட்டாயப்படுத்தலை. ஆனா முதலாளி குடுத்தார்னா 24 ரெண்டு மணியிலேருந்து 26 வரைக்கும் வேலை பாத்த நேரத்துக்கு அடிப்படைச் சம்பளத்துல 150 சதவீதம் வரைக்குமான கூடுதலுக்கு வரி கிடையாது. ஸ்டூடன்ட் விசாவுல இருக்கறவங்க வருஷத்துக்கு 140 முழு நாள்தான் வேலை பாக்கலாம்ங்கற கணக்கையும் பாத்துக்குங்க, டிசம்பர்ல அது முடியற நெலைமையில இருக்கும்.

என் அபிப்பிராயம், 25 சாயங்கால ஷிஃப்ட் எடுங்க, அதுதான் ரெண்டாவது ஓட்டை. 24 ராத்திரி ஷிஃப்ட் மட்டும் மொத வருஷம் வேண்டாம். நான் 2020ல எடுத்தேன், வேலை ஒண்ணும் பெருசா இல்ல, ஹோட்டல் ரிசப்ஷன்ல யாரும் வராத கதவைப் பாத்துக்கிட்டு எட்டு மணி நேரம்.

3. நவம்பர் மொத வாரம்: ஊர்லேருந்து பார்சல்

அம்மாகிட்ட பார்சல் கேக்கறதா இருந்தா நவம்பர் மொத வாரத்துல ஊர்லேருந்து கிளம்பிடணும். கஸ்டம்ஸ்ல நின்னா எத்தனை நாளாகும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுக்கு ரெண்டு வாரம் சேத்து வச்சுக்குங்க.

தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பற பரிசுப் பொருள் 45 யூரோ வரைக்கும் வரி இல்லாம வரும். அதுக்கு கஸ்டம்ஸ் ஃபார்ம்ல பரிசுன்னு டிக் பண்ணி, உள்ள என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணும் எவ்வளவு விலைன்னு தனித்தனியா எழுதணும். எங்க அம்மா மொத தடவை "தின்பண்டம், துணி"ன்னு ரெண்டே வார்த்தை எழுதி அனுப்பிட்டாங்க. என்னைய கஸ்டம்ஸ் ஆபீஸுக்கு வரச் சொல்லி லெட்டர் வந்துச்சு, அங்க எனக்கு முன்னாடியே டப்பாவைப் பிரிச்சாங்க, பண்டிகை சட்டைக்குள்ள சுருட்டி அரை லிட்டர் நெய் பாட்டில். அந்த ஆபீசர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல காட்டி இது என்னன்னு கேட்டார். நெய்க்கு ஜெர்மன்ல என்ன சொல்லணும்னு எனக்கு அப்போ தெரியாது.

நெய், பால்கோவா, மட்டன் ஊறுகாய் இதெல்லாம் வரக் கூடாது. இந்தியாவுலேருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள தனி ஆள் கொண்டு வர்றதுக்கே தடை, பார்சலுக்கும் அதேதான், பெட்டிக்கும் அதேதான். கருப்பட்டி, வறுத்த பாசிப்பயறு, ஏலக்காய், அச்சு முறுக்குக்கான அச்சு, துணி, ஸ்டார் பேப்பர் இதுங்க போதும். இங்க கிடைக்காதது உண்மையில கருப்பட்டி ஒண்ணுதான், மத்ததெல்லாம் ஆசைக்கு.

4. நவம்பர் கடைசி: 24 ராத்திரி யாரோட?

இந்த ஒரு கேள்விக்கு நவம்பர் முடியறதுக்குள்ள பேர், எடம், நேரம் மூணோடயும் பதில் இருக்கணும். "பாக்கலாம் மச்சி, எல்லாரும் இருப்போம்ல"ங்கறது பதில் கிடையாது. டிசம்பர் 20 ஆச்சுன்னா ஒருத்தன் பாரிஸ் போயிருப்பான், ஒருத்தன் சொந்தக்காரங்க வீட்டுக்கு ஸ்டுட்கார்ட் போயிருப்பான், மீதி நீங்க மட்டும்தான்.

யார் வீட்டுல கூடறதுன்னு முடிவு பண்ணும்போது பெரிய வீட்டைப் பாக்காதீங்க, டிராம் ஸ்டாப் பக்கத்துல இருக்கற வீட்டைப் பாருங்க. இங்க பண்டிகை நாள்லயும் பஸ், டிராம் எல்லாம் ஓடும், ஆனா 24 சாயங்காலத்துக்கு மேல குறைஞ்சுக்கிட்டே போகும். ராத்திரி திரும்பிப் போக முடியாதவங்க அங்கேயே படுக்கற மாதிரி போர்வையோட வரட்டும்.

கிறிஸ்தவங்களை மட்டும் கூப்பிடணும்னு ஒண்ணும் இல்ல. எங்க கூட்டத்துல பாதிப் பேர் இந்து, ரெண்டு பேர் முஸ்லிம், எல்லாருக்கும் அந்த மூணு நாளும் ஒரே கடையடைப்புதானே. யூனிவர்சிட்டி லைப்ரரியும் மூடியிருக்கும், அவங்களுக்கும் போக்கிடம் கிடையாது.

ஜெர்மன்காரங்க யாராவது "கிறிஸ்மஸுக்கு என்ன பண்ணப் போற?"ன்னு கேட்டா கௌரவம் பாத்து "ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க"ன்னு சொல்லிடாதீங்க. ஒண்ணும் முடிவு பண்ணலைன்னா முடிவு பண்ணலைன்னே சொல்லுங்க. இங்க ரெண்டாவது தடவை வற்புறுத்திக் கூப்பிடற பழக்கம் கிடையாது. நம்ம ஊர்ல வேண்டாம் வேண்டாம்னு மூணு தடவை சொன்ன அப்புறம்தான் தட்டுல சோறு விழும், இங்க மொத தடவை வேண்டாம்னா வேண்டாம்தான்.

கூப்பிட்டா சொன்ன நேரத்துக்குப் போங்க, பத்து நிமிஷம் முன்னாடியும் போகாதீங்க. 24 ராத்திரி பல வீட்டுல உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான், ரொம்ப எளிமை, விருந்துன்னா 25 மத்தியானம் வாத்து. எங்க ஏரியாவுக்குப் பக்கத்து எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பக்கம் ஒன்பது வகை வச்சு சாப்பிடறதும் உண்டு. சாசேஜ் பெரும்பாலும் பன்னி, சாப்பிடாதவங்க ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க, அங்க போய் நெளியாதீங்க. கையில ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டு போனீங்கன்னா ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு ஓடும்.

5. ஸ்டார்

சின்ன விஷயம்தான், ஆனா டிசம்பருக்கு முன்னாடியே பண்ணிடுங்க. கெம்னிட்ஸ் இருக்கற சாக்சனி மாநிலத்துல அட்வென்ட் மொத ஞாயிறுக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறுல மொத ஞாயிறுக்கு, எல்லா ஜன்னல்லயும் மரத்துல செஞ்ச வளைவு விளக்கு வந்துடும், வாசல்ல ஹெர்ன்ஹூட் ஸ்டார் தொங்கும், பாத்தா நம்ம ஊர் பேப்பர் ஸ்டாருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரியே இருக்கும். ரூம் ஜன்னல்ல ஒரு ஸ்டார் கட்டுங்க. நாலு மணிக்கே இருட்டற ஊர்ல கிளாஸ் முடிஞ்சு வரும்போது ரோட்டுலேருந்து நம்ம ஜன்னல் தனியா தெரியும். எல்ஈடி பல்பு மட்டும் போடுங்க, பேப்பருக்குள்ள சூடான பல்பு வேண்டாம்.

6. டிசம்பர் மூணாவது வாரம்: பலகாரம்

24 அன்னிக்கு பலகாரம் சுடலாம்னு வச்சுக்காதீங்க. ஒரு சாமான் மறந்து போனாலும் வாங்க வழி இருக்காது. 18, 19 தேதிக்குள்ள முடிச்சிடுங்க, முந்திரிக்கொத்து நல்லா வறுத்த தேங்காய் போட்டா பத்து பன்னெண்டு நாள் தாராளமா இருக்கும், அதுவும் இந்தக் குளிருக்கு.

அளவு: பாசிப்பயறு அரை கிலோ, கருப்பட்டியோ வெல்லமோ 400 கிராம், தேங்காய் ஒண்ணு, எள் ரெண்டு கை, ஏலக்காய். மேல் மாவுக்கு பச்சரிசி மாவு ஒரு கப்பும் சிட்டிகை மஞ்சளும் உப்பும். பயறை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து கொரகொரன்னு பொடிக்கணும், மிக்சி இல்லாதவங்க காபிக்கொட்டை அரைக்கற சின்ன மெஷின்ல கொஞ்சம் கொஞ்சமா அடிங்க.

இங்க எல்லாரும் தப்பு பண்றது தேங்காய்லதான். ஏசியா கடையில கிடைக்கற ஃப்ரோசன் துருவல்ல தண்ணி நிறைய. அதை லேசா வதக்கிட்டுப் போட்டா உருண்டை ஈரமாவே இருக்கும், எண்ணெயில போட்டதும் மேல் மாவு வெடிச்சு உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துடும், எண்ணெயே கறுத்துடும். சின்ன தீயில இருபது நிமிஷம் பொறுமையா, கையில எடுத்தா பொலபொலன்னு உதிர்ற வரைக்கும் வறுங்க. பாகு தண்ணியில விட்டா உருட்டற பதம் வரணும், அதுக்கு முன்னாடி இறக்கினாலும் இதே கதிதான்.

உருண்டை பிடிச்சதும் ஒரு ராத்திரி விட்டுடுங்க, இறுகும். மறுநாள் மாவுல மூணு மூணா முக்கி கொத்தா எண்ணெயில விடணும். மாவு இட்லி மாவை விட கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்.

எலக்ட்ரிக் அடுப்பு மெதுவா சூடாகும், அணைச்சாலும் ரொம்ப நேரம் சூடா இருக்கும். எண்ணெய் காஞ்சு புகைய ஆரம்பிச்சா ஸ்விட்சை அணைச்சா மட்டும் பத்தாது, சட்டியைத் தூக்கி பக்கத்துல சூடில்லாத அடுப்புத் தட்டுக்கு மாத்துங்க. தப்பித் தவறி எண்ணெயில தீ பிடிச்சா மூடியைப் போட்டு மூடுங்க, தண்ணி ஊத்தவே கூடாது.

இப்போ முக்கியமான விஷயம், ஸ்மோக் அலாரம். பெட்ரூம், நடைபாதை எல்லாத்துலயும் கட்டாயம் இருக்கும். கிச்சன் கதவைச் சாத்துங்க, ஜன்னலை முழுசா திறங்க, குளிருதுன்னு பாக்காதீங்க. என் மொத வருஷம், டிசம்பர் 20 ராத்திரி ஒன்பது மணி, காத்து வரட்டுமேன்னு கிச்சன் கதவைத் திறந்து வச்சுட்டு பொரிச்சுக்கிட்டிருந்தேன். புகை எல்லாம் காரிடாருக்குப் போயி, நாங்க இருந்த ஹாஸ்டல்ல காரிடார் அலாரம் நேரா ஃபயர் சர்வீஸுக்கு கனெக்‌ஷன், நாலு மாடி ஆளுங்களும் செருப்போட முற்றத்துல வந்து நின்னாங்க. நான் கையில தட்டோடயே ஓடி வந்துட்டேன். பாத்ரோப்போட நின்ன ஒரு பிரேசில் பையன் ஒண்ணும் சொல்லாம தட்டுலேருந்து ஒரு கொத்தை எடுத்துக் கடிச்சான், ஃபயர் வண்டி வர்றதுக்குள்ள தட்டு காலி. பில் என் பேருக்கு வராம போனது ஹாஸ்டல் மேனேஜர் புண்ணியம். எல்லா மேனேஜரும் அப்படி இருக்க மாட்டாங்க.

மிச்ச எண்ணெயை சிங்க்ல ஊத்தாதீங்க, ஆறினதும் பாட்டில்ல ஊத்தி மூடி கறுப்புக் குப்பையில போடுங்க.

7. 23க்குள்ள வாங்கி முடிக்க வேண்டியது

ஆட்டுக்கறிக்கு துருக்கி, அரபுக் கடைகள்ல ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வைங்க, எலும்போட பிரியாணி துண்டா வேணும்னு கையால அளவு காட்டிச் சொல்லுங்க, இல்லேன்னா பெரிய பெரிய பாளமா வெட்டிக் குடுத்துடுவாங்க. கறியை 22ல வாங்கி ஃப்ரீசர்ல போடுங்க. சீரக சம்பா ஆன்லைன்ல ஆர்டர் போடறதுன்னா டிசம்பர் 10க்கு மேல நம்பாதீங்க, கூரியர்காரங்க திணறுவாங்க.

பால், முட்டை, தயிர், வெங்காயம், ப்ரெட், கொத்தமல்லி, டாய்லெட் பேப்பர். கடைசியா சொன்னதைச் சிரிக்காதீங்க.

மாத்திரை மருந்து எல்லாத்தையும் 23க்குள்ள வாங்கிடுங்க. அதுக்கும் மீறி உடம்பு முடியலைன்னா 116117க்கு போன் பண்ணினா டியூட்டி டாக்டர் எங்க இருக்காருன்னு சொல்லுவாங்க, உயிருக்கு ஆபத்துன்னா 112. அன்னிக்கு எந்த மருந்துக்கடை டியூட்டின்னு ஒவ்வொரு மருந்துக்கடை கதவுலயும் ஒட்டியிருக்கும், ராத்திரியும் விடுமுறை நாள்லயும் டியூட்டி கடைக்குப் போனா மருந்து விலையோட 2.50 யூரோ கூடுதலா வாங்குவாங்க.

ஒருவேளை ஏதாவது மறந்துட்டா பெட்ரோல் பங்க்ல பாலும் ப்ரெட்டும் கிடைக்கும், விலை டபுள். பெரிய ரயில்வே ஸ்டேஷன்கள்ல சில கடை திறந்திருக்கும். ரொட்டிக்குள்ள கறி வச்சுத் தர்ற துருக்கி டோனர் கடை பல எடத்துல இருக்கும், 2019ல 25ஆம் தேதி எனக்குச் சோறு போட்டது ஒரு டோனர் கடைக்கார அண்ணன்தான்.

8. டிசம்பர் 24, மணி மணியா

காலையில பத்து மணிக்குள்ள கடைக்குப் போய் ப்ரெட்டும் விட்டுப்போன ஒண்ணு ரெண்டும் வாங்கிட்டு வந்துடுங்க. பல கடை ரெண்டு மணி வரைக்கும் காத்திருக்க மாட்டான், ஒரு மணிக்கே ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கிறிஸ்மஸ் மார்க்கெட்டை இன்னிக்குப் போய் பாத்துக்கலாம்னு விட்டு வைக்காதீங்க, நிறைய ஊர்ல 23லயே முடிஞ்சிடும், 24 இருந்தாலும் மத்தியானம் வரைக்கும்தான்.

ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் வெளிச்சம் இருக்கற நேரம். ரூம்ல படுக்காம வெளிய நடங்க. மத்தியானம் தூங்கி ஆறு மணிக்கு இருட்டுல எழுந்திரிக்கறது மாதிரி ஒரு கொடுமை இல்ல, அந்த நிமிஷத்துல மனசு எங்கேயோ போயிடும். அனுபவத்துல சொல்றேன், அலாரம் வச்சாவது முழிச்சிருங்க.

நாலு மணி வாக்குல கோயில். நாங்க ஊர்ல சர்ச்சை கோயில்னுதான் சொல்லுவோம், அப்படியே எழுதறேன். கிழக்கு ஜெர்மனியில மத்த ஞாயிறு எல்லாம் முன்வரிசை கூட நிறையாது, 24 மட்டும் நிக்கக் கூட எடம் இருக்காது. மூணு, நாலு மணி ஆராதனையில குழந்தைங்க நாடகம் இருக்கும், அதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போனாத்தான் உக்கார எடம். கூட்டம் பிடிக்காதவங்க ராத்திரி பதினோரு மணி ஆராதனைக்குப் போங்க. நேரத்தை அந்தந்தக் கோயில் வெப்சைட்ல முந்தின நாளே பாத்துக்குங்க.

உள்ள போக மெம்பரா இருக்கணுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. யாரும் கேக்க மாட்டாங்க. சர்ச் வரிங்கறது வேற, சிட்டி ஆபீஸ்ல பதிவு பண்ணும்போது மதம்ங்கற எடத்துல நீங்க எழுதினதை வச்சு சம்பளத்துல பிடிப்பாங்க, சாக்சனியில வருமான வரியில 9 சதவீதம். வேலைக்குச் சேர்ற முன்னாடி அதைப் புரிஞ்சுக்குங்க, 24 அன்னிக்கு அதை நினைச்சு வாசல்ல நிக்காதீங்க.

கோட்டைக் கழட்டாதீங்க, பழைய கல் கட்டடம், கால்லேருந்து குளிர் ஏறும். காணிக்கைக்கு சில்லறை வச்சுக்குங்க. ஜெர்மன் புரியலைன்னாலும் பாட்டுல பாதி மெட்டு நமக்குத் தெரிஞ்சதுதான், நம்ம ஊர் பாட்டுப் புஸ்தகத்துல இருக்கற மெட்டேதான். கடைசிப் பாட்டுக்கு பல கோயில்ல லைட்டை எல்லாம் அணைச்சுட்டு மெழுகுவத்தி வெளிச்சத்துல எழுந்து நின்னு பாடுவாங்க. நான் சத்தமில்லாம தமிழ் வார்த்தையைப் போட்டுப் பாடிக்கிட்டிருந்தேன், பக்கத்துல நின்ன பாட்டி திரும்பிப் பாத்துட்டு அவங்க புஸ்தகத்தை என் பக்கம் கொஞ்சம் நகத்தி வச்சாங்க, நான் வார்த்தை தெரியாம முணுமுணுக்கறேன்னு நெனச்சுட்டாங்க போல.

தமிழ்லயே வேணும்னா மேற்குப் பக்கம், எஸ்ஸன் சுத்துவட்டாரத்துல ஈழத்தமிழர் நிறைய இருக்காங்க, அங்க தமிழ்ப் பூசை உண்டு. கெம்னிட்ஸ்லேருந்து அது ரொம்பத் தூரம், போறதுன்னா 23லயே போய்த் தங்கணும்.

ஆறு மணியிலேருந்து நம்ம கூட்டம். சமையலை முன்னாடியே முடிச்சு வைக்காதீங்க, இது வேணும்னே சொல்றேன். எல்லாரும் வந்தப்புறம் வெங்காயம் உரிக்க ஆரம்பிங்க. சாப்பாடு ரெடியா இருந்தா ஏழரைக்கு சாப்பிட்டு முடிச்சு எட்டு மணிக்கு ஆளாளுக்குப் போனை நோண்டுவாங்க, இன்னும் நாலு மணி நேரம் இருக்கும். வெங்காயம் உரிச்சு, கறி வேக வச்சு, தம் போட்டு, சாப்பிட ஒன்பதரை ஆகட்டும்.

பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது, பக்கத்து வீட்டுக் கதவுல முந்தின நாளே ஒரு சீட்டு ஒட்டிடுங்க, எத்தனை மணி வரைக்கும்னு நேரம் போட்டு. நாங்க சீட்டோட நாலு முறுக்கையும் பையில போட்டு மாட்டுவோம்.

பதினொண்ணே கால் மணிக்கு ஊருக்குப் போன் போடுங்க. அங்க மூணே முக்கால், எல்லாரும் குளிச்சுக் கிளம்பற நேரம். பேசணும்னு எதிர்பாக்காதீங்க, யாருக்கும் பேச நேரம் இருக்காது, இதைத்தான் புதுப் பசங்க தப்பா எடுத்துக்கிட்டு முகம் சுருங்கிடறாங்க. வீடியோ போட்டு போனை அலமாரியில சாத்தி வச்சிடச் சொல்லுங்க. எங்க வீட்டுல அப்படி வச்சா எனக்குத் தெரியறது ஓடற ஃபேனும் பாதிக் காலண்டரும்தான், ஆனா அப்பா சட்டைக்கு இஸ்திரி போடற சத்தம், தங்கச்சி பின்னு தேடற சத்தம், அம்மா யாரையோ திட்டற சத்தம் எல்லாம் கேக்கும். கோயில்ல ரெண்டாம் மணி அடிச்சதும் போனை அப்படியே விட்டுட்டு ஓடிடுவாங்க. நானும் ஒரு நிமிஷம் ஃபேனைப் பாத்துட்டு வச்சிடுவேன்.

பன்னெண்டுக்கு அங்க ஆராதனை தொடங்கும். உங்க ஊர் கோயில் யூடியூப்ல போட்டா லேப்டாப்ல வைங்க, பிரசங்கம் வரைக்கும் முழிச்சிருக்கணும்னு இல்ல.

9. டிசம்பர் 25

எட்டரைக்கு எழுந்திரிங்க, அங்க ஒரு மணி, சாப்பாட்டு நேரம், பெரியப்பா சித்தி எல்லாரும் ஒரே வீட்டுல இருப்பாங்க. எல்லாருக்கும் பண்டிகை வாழ்த்து சொல்றதுக்கு இதை விட நல்ல நேரம் கிடையாது. புதுத்துணியைப் போட்டுக்கிட்டு வீடியோவுக்கு வாங்க, பைஜாமாவோட வந்தா அம்மா அதையே நாலு நாள் பேசுவாங்க. அரை மணி நேரம், அதோட வச்சிடுங்க. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் லைன்லயே கிடக்கற பசங்களைப் பாத்திருக்கேன், அங்க அவங்க தூங்கப் போன நிமிஷத்துல இங்க ரூம் ரெண்டு மடங்கு அமைதியாயிடும்.

பத்திலேருந்து மூணு வரைக்கும் வெளிய போற வேலை ஏதாவது. குளத்தைச் சுத்தி நடங்க, பக்கத்து ஊர் கோட்டைக்குப் போங்க, வண்டி ஞாயிற்றுக்கிழமை டைம் டேபிள்ல ஓடும்.

அஞ்சரை மணி ஓட்டைக்கு ஏற்கனவே சொன்ன மாதிரி ஷிஃப்ட் இருந்தா நல்லது. இல்லேன்னா முந்தின நாள் பிரியாணி மிச்சத்தோட இன்னொருத்தர் ரூமுக்குப் போங்க, உங்க ரூமுக்கு வரச் சொல்லாதீங்க. ஏன்னா அவன் சோம்பல்ல வராம போனா நீங்க காத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க, நீங்களே போனா கிளம்பறது உங்க கையில இருக்கு.

மனசு நிஜமாவே தாங்கலைன்னா கூச்சப்படாம யாரையாவது கூப்பிடுங்க. டெலிஃபோன்சேல்சோர்கேன்னு போன்ல ஆறுதலா பேசற ஒரு சேவை இருக்கு, 0800 1110111, ராத்திரி பகல் எப்பவும் இலவசம், பேர் சொல்ல வேண்டாம். பேச்சு ஜெர்மன்லதான்.

இன்ஸ்டாகிராமை அன்னிக்கு மூடி வைங்க. அவ்வளவுதான் அதைப் பத்தி.

10. 26லேருந்து 31 வரைக்கும்

26 இங்க விடுமுறை, ஊர்லயோ பண்டிகை முடிஞ்சிடுச்சு, வீட்டுல யாரும் போன் எடுக்காம போகலாம், தப்பா நினைக்காதீங்க. ஜெர்மன் வீடுகள்ல விருந்தாளி வர்றதுக்கு 24 மாதிரி கெடுபிடி 26ல இருக்காது. அதனால நீங்க யாரையாவது கூப்பிடணும்னா 26 மத்தியானம் கூப்பிடுங்க, வர வாய்ப்பு அதிகம். வாஷிங் மெஷினையும் டிரில்லையும் மட்டும் தொடாதீங்க, விடுமுறை நாள் பூரா அமைதி நேரம்.

31 ராத்திரிக்கு ஒரே ஒரு கணக்கு. ஊர்ல வருஷம் பொறக்கற நடுராத்திரி 12 இங்க சாயங்காலம் ஏழரை. வாச்நைட் ஆராதனை லைவ் பாக்கறவங்க ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்து அடுப்பை அணைச்சுட்டு உக்காருங்க. முந்திரிக்கொத்துல ஒரு பத்தாவது அதுக்குன்னு தனி டப்பாவுல எடுத்து வைங்க, டப்பா மேல ஜெர்மன்ல வெறும் பயறுன்னு எழுதிடுங்க, ஷேர்டு கிச்சன்ல அப்பத்தான் தப்பிக்கும்.